வீட்டுக்கு அடியில் இரண்டு தொட்டிகள்

மாட்டுப்பட்டி,
10-8-1974

அன்புள்ள அப்பாவுக்கு, திரிபுரம் அநேக நமஸ்காரம்.

நானும் இவரும் சௌக்கியம். மழை எங்களைவிட சௌக்கியம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? எண்ணெய் தடவிக்கொள்கிறீர்களா, இல்லை குப்பியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறீர்களா?

நாங்கள் வீடு மாறிவிட்டோம். வீடு எங்களைத் தேடி வந்தது என்பதுதான் சரி. மலைமேல் மின்கம்பி போக வேண்டிய வழியை இவர் அளக்கிற இடத்துக்கெல்லாம் வாடகை வீடு எங்கே கிடைக்கும்? அதனால் கம்பெனியிலேயே ஒரு டிரெய்லர் வீடு வரவழைத்துக் கொடுத்துவிட்டார்கள். புத்தம்புதியது, சக்கரம் வைத்தது. மத்தியாஸ் என்கிற டிரைவர் அதை ஜீப்பின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். உள்ளே கட்டில், அடுப்பு, பாத்திரம் அலம்பத் தொட்டி, ஜன்னலுக்குத் திரை எல்லாம் இருக்கின்றன. நான் குழந்தை மாதிரி எல்லாக் கதவையும் திறந்து திறந்து மூடினேன்.

அடுப்புக்கு இரண்டு முழம் தள்ளி இருந்த கதவையும் திறந்தேன். அப்பா, அங்கே கக்கூஸ் இருந்தது! நீங்கள் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டீர்கள், நான் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். சமைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரே கூரைக்குக் கீழே! ஒரு பாதத்தை உள்ளே வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

அதைவிட அதிர்ச்சி பிறகுதான் வந்தது. இதெல்லாம் எங்கே போகிறது என்று இவரிடம் கேட்டேன். "எங்கயும் போகாது. நமக்கு அடியிலதான் இருக்கும்" என்றார், ஏதோ ரேடியோ பெட்டியைப் பற்றிச் சொல்வதுபோல. தரைக்கு அடியில் இரண்டு தொட்டிகள் இருக்கின்றனவாம். ஒன்றில் பாத்திரம் அலம்பிய தண்ணீரும் குளித்த தண்ணீரும், இன்னொன்றில் மற்றது. வெளியே தொட்டிக்கொரு கைப்பிடி. மற்றதற்குக் கறுப்பு, தண்ணீருக்குச் சாம்பல் நிறம். இழுத்தால் திறக்கும், தள்ளினால் மூடும். இரண்டும் கடைசியில் ஒரே குழாய் வழியாக வெளியே வெட்டியிருக்கிற குழிக்குப் போகும். தொட்டி நிறைகிற வரைக்கும் மூடியே வைத்திருக்க வேண்டும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறது.

அதாவது நாம் சாப்பிட்டுத் தூங்குகிற இடத்துக்குக் கீழே அது நிறைகிற வரைக்கும் நாம் காத்திருக்க வேண்டும். எனக்கு இரண்டு நாளாகச் சாதம் செல்லவில்லை. என்ன செய்வது என்று எழுதுங்கள்.

உங்கள் அருமைப் பெண்,
திரிபுரசுந்தரி


புதிய கல்பாத்தி,
17-8-1974

சௌபாக்கியவதி திரிபுரத்துக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை நடுவில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன். அதேதான் எழுதியிருந்தது. கண்ணாடி மேல் தப்பில்லை.

நம் வீட்டில் அந்த இடம் எங்கே இருக்கிறது? கூடம் தாண்டி, சமையற்கட்டு தாண்டி, கிணற்றடி தாண்டி, கொல்லைக் கோடியில். மழையில் குடை பிடித்துக்கொண்டு போக வேண்டும். அது அசௌகரியம் என்று சின்ன வயதில் நீ முனகுவாய். அசௌகரியம் இல்லை பெண்ணே, அதுதான் வீட்டின் மரியாதை. நம் மாப்பிள்ளைச் சாமியின் கம்பெனிக்காரர்கள் அந்த மரியாதையைச் சக்கரத்தில் ஏற்றி ஊர்கோலம் விடுகிறார்கள். கலிகாலம் முற்றும் என்று தெரியும். இவ்வளவு சீக்கிரம் முற்றும் என்று நினைக்கவில்லை.

போகட்டும். உத்தியோகம் அவருடையது, வேறு வழி இல்லை. நான் சொல்கிறபடி செய். சாதம் வடிக்கிற வீட்டுக்கு அடியில் அது ஒரு நிமிஷம்கூடத் தங்கக் கூடாது. கறுப்புக் கைப்பிடியை இழுத்துத் திறந்தே வைத்துவிடு. வந்தது வந்தபடி குழிக்குப் போகட்டும். இரண்டாவது, சமையற்கட்டுத் தண்ணீர் அந்தக் குழாய்க்குள் போகவே கூடாது. அன்னம் பட்ட தண்ணீர் அது. ஒரு வாளியில் பிடித்து வெளியே செடிக்கு ஊற்று. புத்தகம் எழுதினவன் மடி ஆசாரம் தெரியாதவன். அவனுக்கு என்ன, எழுதிவிட்டுப் போய்விட்டான்.

முழங்கால் அப்படியே இருக்கிறது. எண்ணெய்க் குப்பியும் அப்படியே இருக்கிறது.

ஆசீர்வாதங்களுடன்,
யக்ஞநாராயணன்


மாட்டுப்பட்டி,
5-9-1974

அன்புள்ள அப்பாவுக்கு நமஸ்காரம்.

நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டேன். கறுப்புக் கைப்பிடி அன்று முதல் திறந்தேதான் கிடக்கிறது. பாத்திரம் அலம்பிய தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறேன். குளியல்கூட வெளியே தட்டி மறைப்பில்தான். சாம்பல் கைப்பிடிக்கு வேலையே இல்லை. தண்ணீரை ஓடையிலிருந்து தூக்கிக்கொண்டு வர வேண்டியிருப்பதால் கக்கூஸுக்கும் ஒரு சொம்பு, மிஞ்சினால் இரண்டு.

"புஸ்தகத்தில வேற மாதிரியாக்கும் போட்டிருக்கு" என்றார் இவர். "அப்பா சொல்லியாச்சு" என்றேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அந்த மட்டும் படித்திருக்கிறார்.

பக்கத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து சுருளியம்மாள் என்று ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளி வருவாள். பேச்சுத்துணை. முதல் நாள் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, எல்லாத்தையும் ஊருக்கு ஊரு தூக்கிக்கிட்டா திரிவீங்க? ஒரு எடத்துல விட்டுட்டுப் போக மனசு வரலியா?" என்று கேட்டாள். வெட்கமாக இருந்தாலும் சிரித்துவிட்டேன்.

இப்போது மனசு நிம்மதி. சாதம் இறங்குகிறது. காற்று திரும்பினால் கொஞ்சம் நாற்றம் வருகிறது, ஆனால் பக்கத்திலேயே மாட்டுப் பண்ணை. அதன் வாசனைதான்.

உங்கள் பெண்,
திரிபுரம்


புதிய கல்பாத்தி,
14-9-1974

சௌபாக்கியவதி திரிபுரத்துக்கு ஆசீர்வாதம்.

சொன்ன சொல் கேட்கிற பெண் என்று ஊரில் நான் பெருமை பேசுவது வீண் போகவில்லை. சந்தோஷம்.

ஐப்பசிக் கடைசியில் நம் ஊர்த் தேர்த்திருவிழா வருகிறது. பம்பாயிலிருந்து உன் அத்தை குடும்பத்தோடு வருகிறாள். உன் அம்மா போனபிறகு இந்த வீட்டில் தேர்ச் சமையல் உன் கையால்தான். நான் தினமும் கொதிக்க வைத்து இறக்குவதைச் சமையல் என்று அத்தை ஒப்புக்கொள்ள மாட்டாள், நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன். உன் மொளகூட்டல் இல்லாமல் எனக்குத் தேர் தேராகவே இருக்காது. நாலு நாள் முன்னதாகவே வந்துவிடு. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் பின்னால் வரட்டும்.

வெண்கலப்பானையை ஈயம் பூசக் கொடுத்திருக்கிறேன்.

ஆசீர்வாதங்களுடன்,
யக்ஞநாராயணன்


சின்னக்கானல்,
3-10-1974

அன்புள்ள அப்பாவுக்கு நமஸ்காரம்.

உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். உட்கார்ந்து படியுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் படிக்காதீர்கள்.

அது மாட்டுப் பண்ணை வாசனை இல்லை, அப்பா.

போன வாரம் இவர் அளவு வேலைக்காகச் சின்னக்கானலுக்கு முன்னாலேயே போய்விட்டார். வண்டியையும் அங்கே கொண்டுவரச் சொல்லி உத்தரவு. நான் தனியாக இருந்தேன். ஒருநாள் காலையில் சொம்புத் தண்ணீரை ஊற்றினால் கீழே போகவில்லை. இன்னொரு சொம்பு ஊற்றினேன். மேலே வந்தது. அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தேன். சுருளியம்மாள் வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆத்தாடி, கொடலப் புடுங்குது! நீங்க எப்பிடித்தான் உள்ள சோறு திங்கீங்களோ" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள்தான் எஸ்டேட்டில் தோட்டி வேலை செய்கிற சின்னமுத்துவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வயசானவர். வண்டியைச் சுற்றி வந்து, "வாளி எங்கம்மா?" என்று கேட்டார். வாளி இல்லை, தொட்டிதான் என்றேன். "வாளி இல்லாம எப்பிடிம்மா எடுக்க?" என்றார். பிறகு சட்டையைக் கழற்றி மடித்துக் கல்லின்மேல் வைத்தார். குளிரில் உடம்பு நடுங்குகிறது. மண்ணில் மல்லாந்து படுத்து, குழாய் வாய்க்குள் கையை விடப் போனார். கை முழுதும் உள்ளே போகும், முகமும் அதற்கு நேராகத்தான் இருந்தது.

"வேண்டாம்!" என்று கத்திவிட்டேன். அவர் பயந்துபோய் எழுந்து, "நான் ஏதும் தப்பாப் பண்ணிட்டனாம்மா?" என்று கேட்டார். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அப்புறம் அந்தக் கல்லின்மேலேயே உட்கார்ந்து யோசித்தேன். சாதம் வடிக்கும்போது என்ன ஆகிறது? பானையைத் தட்டால் மூடிச் சாய்த்து வைத்தால் கஞ்சி வடிந்து போய்விடும், சோறு பானையிலேயே நிற்கும். கைப்பிடியைத் திறந்தே வைத்ததில் நடந்தது அதுதான். தண்ணீர் எல்லாம் வடிந்து போய்விட்டது, மற்றது அங்கேயே நின்று குவிந்து காய்ந்துவிட்டது. மூடிவைத்து, தண்ணீரும் அதுவும் ஒன்றாகச் சேர்ந்த பிறகு ஒரேயடியாகத் திறந்தால்தான் எல்லாம் அடித்துக்கொண்டு போகும். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. நான் புத்தகத்தைவிட உங்களை நம்பினேன்.

அடிப்பிடித்த பானையை என்ன செய்வோம்? ஊற வைப்போம். கறுப்புக் கைப்பிடியைத் தள்ளி மூடினேன். நானும் சுருளியம்மாளும் ஓடைக்கும் வண்டிக்குமாக நடந்து, உள்ளே ஊறி இறங்க இறங்கத் தண்ணீர் ஊற்றினோம், சோப்பும் கரைத்து ஊற்றினோம். பாத்திரத் தொட்டி வழியாக இன்னொரு தொட்டியையும் நிறைத்தேன். மறுநாள் மத்தியாஸ் ஜீப்போடு வந்தார். "மெதுவாகப் போக வேண்டாம், பள்ளம் மேடு எதையும் விடாதீர்கள்" என்றேன். எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். சின்னக்கானல் வளைவுகளில் வீடு குலுங்கின குலுக்கலில் உள்ளே எல்லாம் நன்றாகவே கலங்கியிருக்கும்.

இங்கே புதுக்குழி தயாராக இருந்தது. இவர் வேலையிலிருந்து திரும்பவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நானே குழாயைப் பூட்டி, நானே கறுப்புக் கைப்பிடியை இழுத்தேன். என்ன சத்தம் தெரியுமா! நம் புழையில் வெள்ளத்துக்கு மடை திறந்தது போல. அது அடங்கினதும் சாம்பல் கைப்பிடியை இழுத்தேன். பாத்திரம் அலம்பின தண்ணீர் அதன் பின்னாலேயே போய்க் குழாயைச் சுத்தமாக அலசிவிட்டது. கடைசியில் வந்தது வெறும் தண்ணீர். சமையற்கட்டுத் தண்ணீருக்கு அந்தக் குழாயில் என்ன வேலை என்று கேட்டீர்களே, இதுதான் வேலை.

தலைக்குக் குளித்துவிட்டு வந்து உலை வைத்தேன். அன்றைக்குச் சாப்பிட்ட மாதிரி நான் என்றைக்கும் சாப்பிட்டதில்லை. தேருக்கு வரும்போது உங்களுக்கு எல்லாம் படம் போட்டுக் காட்டுகிறேன்.

உங்கள் பெண்,
திரிபுரம்


புதிய கல்பாத்தி,
11-10-1974

திரிபுரசுந்தரிக்கு ஆசீர்வாதம்.

சாதம் வடிப்பதையும் அதையும் ஒரே வரியில் எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? அன்று வடித்த சாதத்தைப் பார்க்க முடியாமல் அவல் நனைத்துச் சாப்பிட்டேன்.

நான் சொன்ன யோசனை தப்பாகப் போயிருக்கலாம். அது வேறு. வேலைக்கென்று ஒரு ஆள் வந்தான். தலைமுறையாக அதையே செய்கிறவன், செய்யத் தயாராகவும் இருந்தான். அவனைக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, யக்ஞநாராயணனின் பெண் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினாள்! யாராவது பார்த்திருந்தால்? பார்த்திருப்பார்கள், டிரைவர் இருந்தானே.

உங்கள் வண்டியில் நான் இனி பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். நீ தேருக்கு வரலாம், வராதே என்று சொல்லவில்லை. வாத்தியாரிடம் கேட்டு, உன் தீட்டுக் கழிய பஞ்சகவ்யமும் புண்யாகவாசனமும் ஏற்பாடு செய்கிறேன். அது முடிகிற வரைக்கும் முன்பக்கத்து அறையில் இரு. அத்தை சமைப்பாள். நீ இந்தத் தடவை சமையற்கட்டுக்குள் வர வேண்டாம்.

யக்ஞநாராயணன்


சின்னக்கானல்,
18-10-1974

அப்பாவுக்கு நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இடிந்துபோய் உட்கார்ந்திருந்தேன். இவர் வாங்கிப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

நான் ஒன்றுதான் கேட்கிறேன். என் கை அதைத் தொடவில்லை, இரும்புக் கைப்பிடியைத் தொட்டது. சின்னமுத்துவின் கை உள்ளே போயிருந்தால் நான் சுத்தமாக இருந்திருப்பேன், உங்கள் சமையற்கட்டும் எனக்குத் திறந்திருக்கும். அவர் கையை நான் தடுத்ததால்தான் நான் முன்பக்கத்து அறையில் உட்கார வேண்டும். இது எந்தக் கணக்கு அப்பா?

நம் கொல்லைக் கதவு வழியாகத் தினமும் ஒருத்தி வாளியை எடுக்க வந்து போகிறாள். பிறந்ததிலிருந்து அந்த வாளிச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் சின்னமுத்துவின் முகத்தைப் பார்த்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

நான் பிராயச்சித்தம் செய்துகொள்ள மாட்டேன். அம்மா நின்று சமைத்த இடத்துக்குள் என்னை விடாத வீட்டுக்கு விருந்தாளியாகவும் வர மாட்டேன். அத்தையிடம் எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுங்கள். எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

திரிபுரசுந்தரி


புதிய கல்பாத்தி,
4-11-1974

என் அருமை திரிபுரத்துக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுதுவதில்லை என்று இருந்தேன். இருக்க விடவில்லை.

உன் கடிதம் வந்த வாரத்தில் கொல்லைக் கதவை யாரோ தட்டினார்கள். அந்தக் கதவைத் தட்டி நான் கேட்டதே இல்லை. திறந்தால், வாளி எடுக்கிறவள் என்று நீ எழுதினாயே, அவள் நிற்கிறாள், கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. "கை ஒடிஞ்சு போச்சுங்க சாமி. இனி நான் வர்றதுக்கு இல்லீங்க. எம் பொண்ணு கஞ்சிக்கோட்டுல பாக்டரி வேலைக்குப் போறாளுங்க, அவளும் வரமாட்டாளுங்க" என்றாள். வேறு யார் வருவார்கள் என்று கேட்டேன். "ஆரு வருவாங்க சாமி, எனக்குத் தெரியலீங்களே" என்று சொல்லிவிட்டுப் போனாள். பெயரைக் கேட்டேன். மயிலாத்தாள்.

யாரும் வரவில்லை. எங்கெங்கோ சொல்லிப் பார்த்தேன். தெருவில் ஒவ்வொருவரும் அடுத்தவர் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். கொல்லைப் பக்கம் போக முடியவில்லை. பம்பாயிலிருந்து ஆறு பேர் வரப்போகிறார்கள். கடைசியில் ஒரு மத்தியானம், தெருவே தூங்குகிற நேரத்தில், வாசல் கதவைச் சாத்திவிட்டு, நானே எடுத்தேன். கொல்லைக் கோடியில் குழி வெட்டிப் புதைத்தேன். மேற்கொண்டு எழுத மாட்டேன். ஒன்று மட்டும் எழுதுகிறேன். வாளி கனமாக்கும். இரண்டு தரம் கீழே வைத்து வைத்து எடுத்தேன். அவளுக்கு என் வயதுதான் இருக்கும்.

புழையில் போய் முங்கிவிட்டு வந்து சாதம் வடித்தேன். கஞ்சி போய்ச் சோறு நின்றது. உன் நினைவு வந்தது. சிரித்தேனோ அழுதேனோ, பக்கத்தில் யாரும் இல்லாததால் தெரியவில்லை.

வாத்தியாரிடம் போகவில்லை. நீ ஒரு பிராயச்சித்தம் செய்ய வேண்டுமென்றால் நான் இரண்டு செய்ய வேண்டும். இந்த வயதில் அவ்வளவு பஞ்சகவ்யம் உடம்புக்கு ஆகாது. அதற்காக நான் அடியோடு மாறிவிட்டேன் என்று மாப்பிள்ளையிடம் போய்ப் பறை சாற்றாதே. எனக்கு இன்னும் உங்கள் வண்டியை நினைத்தால் பகீர் என்றுதான் இருக்கிறது.

கொல்லையில் அழகுமலை மேஸ்திரி தொட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். கக்கூஸுக்குத் தண்ணீர் ஊற்றினால் குழாய் வழியாகத் தொட்டிக்குப் போகும். வாளி கிடையாது, கொல்லைக் கதவும் இனி அதற்குத் திறக்க வேண்டாம். சமையற்கட்டுத் தண்ணீரை வழக்கம்போல வாழைக்கு விட்டுவிடட்டுமா என்று மேஸ்திரி கேட்டார். வேண்டாம், அதையும் அந்தக் குழாயிலேயே சேர்த்துவிடு, பின்னாலேயே போய் அலசிக் கொடுக்கும் என்றேன். அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "சாமிக்கு இதெல்லாம் எப்படிங்க தெரியும்?" என்றார். என் பெண் சொல்லித் தந்தாள் என்றேன்.

ஈயம் பூசின வெண்கலப்பானை வந்துவிட்டது. அதில் நான் இன்னும் உலை வைக்கவில்லை. மொளகூட்டலுக்குச் சேனைக்கிழங்கும் எளவன் பூசணியும் வாங்கி வைக்கிறேன். உடனே புறப்பட்டு வா. கொல்லைவழி வராதே, கட்டு வேலை நடக்கிறது. வாசல் வழியாக வந்து நேரே சமையற்கட்டுக்குப் போ.

அப்பா,
யக்ஞநாராயணன்

பி.கு.: தேர் முடிந்ததும் உங்களோடு சின்னக்கானலுக்கு வந்து நாலு நாள் இருக்கலாம் என்று நினைக்கிறேன். கறுப்புக் கைப்பிடிதானே முதலில்?